நல்ல தண்ணீர்: பழவேற்காட்டின் குடமும் கலமும்

பழவேற்காட்டைப் பற்றி எழுதுவோர் டச்சுக்காரரின் கல்லறைகளை எழுதுவர். சின்னப் பள்ளிவாசலின் சூரியக் கடிகாரத்தை எழுதுவர். பனிக்காலத்தில் ஏரியில் வந்திறங்கும் பூநாரைகளை எழுதுவர். அவை யாவும் எழுதத் தக்கவையே. நாம் இங்கு எடுத்துக்கொள்வது, அவற்றைக் காண வருவோர் கையில் ஒரு போத்தலாகக் கொண்டுவந்து, திரும்பும்போது காலியாக எறிந்துவிட்டுச் செல்லும் பொருளை. குடிநீர். கிழக்கே கடலும் மேற்கே ஏரியுமாக நாற்புறமும் நீர் சூழ்ந்த ஊரில், அந்நீரில் ஒரு மிடறும் தொண்டைக்கு உதவாது. ஆகவே இவ்வூரின் வரலாறு நெடுகிலும் நல்ல தண்ணீர் என்பது எங்கிருந்தோ எடுத்து வரப்பட்டதும், எதிலோ வைத்துக் காக்கப்பட்டதுமான பொருளாகவே இருந்து வந்துள்ளது.

‘நல்ல தண்ணீர்’ என்னும் சொல்லைக் கவனிக்க வேண்டும். ஆற்றங்கரை ஊர்களில் தண்ணீர் என்றால் தண்ணீர்தான். கடற்கரை ஊர்களிலோ அது இரண்டு. குடிப்பதற்கும் சமைப்பதற்கும் உரியது நல்ல தண்ணீர். பாத்திரம் துலக்கவும் துணி அலசவும் உரியது உப்புத் தண்ணீர், அல்லது புழங்குகிற தண்ணீர். வீட்டில் இரண்டுக்கும் வெவ்வேறு குடம். ஒன்றில் விட்ட செம்பை மற்றதில் விடமாட்டார்கள். இந்தச் சிறு வழக்கத்துக்குள் மார்க்கச் சட்டத்தின் ஒரு பெரிய பாடம் அடங்கியிருக்கிறது என்பதைப் பின்னர் காண்போம்.

பழவேற்காடு ஏரி, ஒடிசாவின் சில்கா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. அதன் பெரும்பகுதி ஆந்திரத்திலும் தென்கோடி தமிழகத்தின் திருவள்ளூர் மாவட்டத்திலும் கிடக்கின்றன. தெற்கே ஆரணியாறும் வடக்கே காளங்கி, சுவர்ணமுகி ஆறுகளும் இதில் கலக்கின்றன. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆற்று வெள்ளம் இறங்கும்போது ஏரியின் சில பகுதிகளில் நீர் உப்பே இல்லாததுபோல் ஆகிவிடும். சித்திரை வெயிலில் முகத்துவாரம் மணலால் அடைபட்டுவிட்டால், அதே நீர் கடலையும் மிஞ்சி உவர்க்கும். மீனும் இறாலும் இந்த மாற்றத்துக்கு ஏற்ப வருகின்றன, போகின்றன. கோட்டைக்குப்பம், லைட்ஹவுஸ் குப்பம், கூனங்குப்பம், அரங்கம்குப்பம், வைரவன்குப்பம், ஜமீலாபாத் எனக் கரையிலும் மணல்திட்டிலும் பரந்து கிடக்கும் ஊர்களின் பிழைப்பு அந்த வரவு செலவின் மீது நிற்கிறது. வலைத்தொழிலில் பட்டினவர் சமூகத்தாரே மிகுதி. நம்மவர் மீன் வணிகத்திலும் கடைத்தெருவிலும், நம் பெண்கள் பனையோலைக் கைவினையிலும் பெயர் பெற்றவர்கள்.

இத்தகைய இடத்தில் குடிநீர் எங்கிருந்து கிடைத்தது? மணலிலிருந்து. கடலுக்கு அருகிலேயே மணல்மேட்டில் கையால் ஓர் ஊற்றுத் தோண்டினால், சில அடிகளில் இனிப்பான நீர் ஊறும். வெளியூரார் இதை அற்புதம் என்பார்கள். இது படைத்தவனின் ஏற்பாடு என்பதில் ஐயமில்லை. அந்த ஏற்பாட்டுக்கு ஓர் அளவும் உண்டு. கடல்நீர் நன்னீரைவிட ஏறத்தாழ நாற்பதில் ஒரு பங்கு கனமானது. மழைநீர் மணலுக்குள் இறங்கி, அடியிலுள்ள உப்புநீரின்மேல் ஒரு வில்லையைப்போல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால், கீழே ஏறக்குறைய நாற்பதடி நன்னீர் இருக்கும். 1880களின் இறுதியில் பதோன் கெய்பன் என்னும் டச்சுப் படைப் பொறியாளரும், 1901இல் ஹெர்ஸ்பர்க் என்னும் ஜெர்மானியரும் இக்கணக்கைத் தனித்தனியே எழுதிவைத்தனர். இதன் மறுபக்கம் கடுமையானது. மேலே ஓரடியை இறைத்துவிட்டால், கீழிருந்து நாற்பதடிக்கு உப்பு ஏறிவிடும். ஆழம் குறைந்த ஊற்றில் செம்பால் மொண்டு, ஊறும் வரை காத்திருந்து, மறுபடி மொண்ட நம் பாட்டிமார்களுக்கு அந்தக் கணக்குத் தெரியாது. ஆனால் ஊற்றை ஆழப்படுத்தினால் உப்பாகிவிடும் என்பது தெரியும். சோழமண்டலக் கரையில் அரிக்கமேடு முதலிய இடங்களில் கிடைத்த சுடுமண் உறைகிணறுகளும் இதே அறிவின் முற்காலச் சான்றுகளே. சரியும் மணலில் உறைமேல் உறையாக இறக்கி, மேல் நீரை மட்டும் எடுக்கும் ஏற்பாடு அது.

இவ்வூரில் வழங்கும் வாய்மொழி மரபு, அரபு நாட்டிலிருந்து கலமேறி வந்து தங்கிய சில குடும்பங்களைப் பற்றிப் பேசுகிறது. அதன் காலத்தையும் விவரங்களையும் குறித்துப் பலரும் பலவாறு சொல்வர். நாம் அதில் இறங்கவில்லை. கடல் வணிகத்தால் வந்த சமூகம் நம்முடையது என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. மரக்கலத்தோடு தொடர்புடைய மரைக்காயர் என்னும் பெயரே அதற்குச் சாட்சி. கடலேறிய அச்சமூகத்தின் கையில் ஒரு நபிமொழி இருந்தது. அது வேறு எந்தக் குடியினரையும்விட நம்மோடு நெருக்கமாகப் பேசும் நபிமொழி என்பது நமது எண்ணம்.

ஒரு மனிதர் அல்லாஹ்வின் தூதர் (ஸல்) அவர்களிடம் வந்து, தாங்கள் கடலில் பயணம் செய்பவர்கள் என்றும், சிறிதளவு தண்ணீரையே உடன் எடுத்துச் செல்வதாகவும், அதில் உளூச் செய்தால் தாகத்தால் வாட நேரும் என்றும் கூறி, கடல்நீரில் உளூச் செய்யலாமா என்று கேட்டார். கடலின் நீர் தூய்மையாக்கக் கூடியது என்றும், அதில் இறந்தவை உண்ண ஆகுமானவை என்றும் நபி (ஸல்) அவர்கள் விடையளித்தார்கள். அபூஹுரைரா (ரலி) அவர்கள் வழியாக வரும் இச்செய்தி முவத்தா, அபூதாவூத், திர்மிதீ, நஸாஈ, இப்னு மாஜா ஆகிய தொகுப்புகளில் இடம்பெற்றுள்ளது. தூய்மை பற்றிய அறிவில் பாதி இதுவே என இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள் சொன்னதாக விரிவுரையாளர்கள் குறிப்பிடுகின்றனர். கேட்டது நீரைப் பற்றி மட்டும். கிடைத்த விடையில் உணவும் சேர்ந்திருந்தது. நீர் தீர்ந்து நிற்பவனுக்கு அடுத்துத் தீரப்போவது உணவுதான் என்பதை உணர்ந்தே அந்த விடை கூடுதலாகத் தரப்பட்டது என்று அறிஞர்கள் விளக்கியுள்ளனர். கடல்நீரில் உளூச் செய்யத் தயங்கிய தோழர்களும் இருந்தனர். இப்னு உமர் (ரலி), அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) ஆகியோர் அதை விரும்பவில்லை என்ற செய்தியை திர்மிதீ பதிந்துள்ளார். எனினும் சமுதாயத்தின் பெரும்பான்மை இந்த நபிமொழியின் மேல்தான் நின்றது.

அந்தக் கேள்வியை மெல்லப் படித்தால் ஒரு கலத்தின் உட்புறம் தெரிகிறது. சிறிதளவு தண்ணீர், அதைச் சுற்றிப் பல வாய்கள், ஐந்து வேளைத் தொழுகை. அப்பயணிகள் எதில் தண்ணீர் வைத்திருந்தார்கள்? அரேபியத் தரையில் அது தோற்பை. வளைகுடாவின் பாய்மரக் கலங்களில் பிற்காலத்தில் ஃபின்தாஸ் எனப்பட்ட மரத்தொட்டி. வங்கக் கடலில் ஓடிய கலங்களுக்குப் பெரிதும் உதவியது பர்மாக் கரையின் மர்த்தபான் துறையிலிருந்து வந்த பெருஞ்சாடி. 14ஆம் நூற்றாண்டில் மதுரை சுல்தானின் காலத்தில் இக்கரைக்கு வந்த இப்னு பதூதா, கடற்பயணத்துக்கென இஞ்சி, மிளகு, எலுமிச்சை, மாங்காய் ஆகியவற்றை உப்பிட்டு நிரப்பிய மர்த்தபான் சாடிகளைத் தம் பயண நூலில் குறிப்பிடுகிறார். 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய போர்த்துக்கீசியர் துவார்த்தே பார்போசாவோ, பழவேற்காட்டில் முஸ்லிம் வணிகரும் இந்து வணிகரும் நிறைந்திருந்ததைச் சொல்கிறார். இவ்வூர்த் துணிகள் பெகுவுக்கும் மலாக்காவுக்கும் சென்றன. திரும்பிய கலங்களில் சாடிகள் வந்தன.

சாடிக்கும் பானைக்கும் உள்ள வேறுபாடு இங்கே முக்கியமானது. வீட்டு மண்பானையின் சுவரில் நீர் கசிந்து ஆவியாகும். அதனால் உள்ளிருக்கும் நீர் குளிரும். அந்தக் குளிர்ச்சிக்கு விலையாக நாள்தோறும் கொஞ்சம் நீர் குறையும். கரையில் அது பொருட்டல்ல. நடுக்கடலில் அது இழப்பு. மெருகு பூசிய சாடி குளிரச் செய்யாது. ஒரு துளியையும் விடாது. எனவே கரையில் மணல் பரப்பி அதன்மேல் மண்பானை, கலத்தில் சாடி. கலங்கல் தெளியப் பானையின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையைத் தேய்ப்பது தமிழரின் பழைய வழக்கம். குடிப்பதற்கு மூக்கு வைத்த கெண்டி. வாய் படாமல் அண்ணாந்து ஊற்றிக் குடிக்க அது உதவியது. தோற்பையின் வாயில் நேரே வாய் வைத்துக் குடிப்பதையும், பாத்திரத்துக்குள் மூச்சு விடுவதையும் தடுத்த நபிமொழிகளை நினைத்துப் பார்த்தால், பலர் பகிரும் ஒரே நீருக்கு அது எவ்வளவு பொருத்தமான கலம் என்பது விளங்கும்.

பிறகு பீப்பாய் வந்தது. அச்சொல்லே போர்த்துக்கீசியரின் ‘பீப்பா’விலிருந்து தமிழுக்கு வந்தது. டச்சுக்காரர் 1613இல் இங்கே கெல்டிரியாக் கோட்டையை எழுப்பினர். 1690இல் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை அவர்களுடைய சோழமண்டல ஆட்சியின் தலைமையிடம் இதுவே. இக்கரையில் பெருங்கப்பல் அணையும் துறை எதுவும் இல்லை. கப்பல்கள் திறந்த கடலில் நங்கூரமிட்டு நிற்கும். கயிற்றால் தைத்த பலகைகளாலான மசூலாப் படகுகளில் சரக்கும் ஆட்களும் அலை தாண்டிச் செல்ல வேண்டும். தண்ணீருக்கும் வேறு வழியில்லை.

ஓக் மரப் பீப்பாயில் அடைத்த தண்ணீர் சில வாரங்களில் நிறம் மாறி, அழுகிய முட்டையின் நாற்றம் எடுத்துவிடும். மரத்திலும் நீரிலும் உள்ள கசடை நுண்ணுயிர்கள் தின்று, காற்று தீர்ந்த பின் கந்தக வாயுவை விடுவதே காரணம். விந்தை என்னவென்றால், தின்பதற்கு ஒன்றும் மிஞ்சாதபோது நீர் தானே தெளிந்துவிடும். ஒரு முறை நாறித் தெளிந்த நீரை மாலுமிகள் விரும்பிக் குடித்ததும் உண்டு. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் கரியின் தூய்மையாக்கும் ஆற்றல் தெரியவந்தது. அதன்பின் பீப்பாயின் உட்புறத்தைக் கருக்கிப் பயன்படுத்தினர். 1815ஐ ஒட்டிப் பிரிட்டிஷ் கடற்படை இரும்புத் தொட்டிகளுக்கு மாறியது. டச்சுக்காரரோ வேறொரு வழியும் கண்டிருந்தனர். அவர்கள் 1652இல் நன்னம்பிக்கை முனையில் குடியேற்றம் அமைத்ததற்கு முதன்மைக் காரணமே, ஐரோப்பாவுக்கும் ஆசியாவுக்கும் இடையே கப்பல்களுக்கு நன்னீரும் காய்கறியும் இறைச்சியும் கிடைக்க வேண்டும் என்பதுதான். தென்னாப்பிரிக்காவின் துயர வரலாறு ஒரு தண்ணீர்த் துறையில் தொடங்கியது.

பழவேற்காட்டின் துயரமும் அக்கப்பல்களில்தான் இருந்தது. 17ஆம் நூற்றாண்டில் போரும் பஞ்சமும் வந்தபோதெல்லாம், விலைக்கு விற்கப்பட்ட ஆயிரக்கணக்கான மனிதரை டச்சுக்காரர் இத்துறையிலிருந்து பத்தாவியாவுக்கு ஏற்றினர். பெருமைப்படும் வரலாறாக டச்சுக் கோட்டையைப் பேசுவோர் இதைச் சொல்லாமல் கடப்பதை நாம் அடிக்கடி காண்கிறோம். கப்பல்களில் தண்ணீர் அளந்தே கொடுக்கப்பட்டது. மாலுமிக்கும் அளவுதான். ஆனால் மாலுமி ஊதியத்துக்கு ஏறியவன். வயல் காய்ந்ததால் விற்கப்பட்டு ஏறியவருக்கு, தாகம் கரையிலும் இருந்தது, கப்பலிலும் இருந்தது.

மார்க்கச் சட்டத்துக்குத் திரும்புவோம். தமிழகக் கடற்கரை முஸ்லிம்கள் பெரும்பாலும் ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றுவோர். அந்த மத்ஹபில் நீரின் அளவு ஒரு பெரிய எல்லைக்கோடு. குல்லத்தைன், அதாவது இரண்டு குல்லா அளவை எட்டிய நீரில் நஜீஸ் விழுந்தாலும், நிறமோ சுவையோ மணமோ மாறாத வரை அது தூய்மையானதே. அந்த அளவுக்குக் குறைந்த நீரோ, நஜீஸ் பட்டவுடனேயே கெட்டுவிடும். நீளம், அகலம், ஆழம் ஒவ்வொன்றும் ஒன்றேகால் முழம் கொண்ட தொட்டி என்று நூல்கள் இதை விளக்குகின்றன. அறுபது சென்டிமீட்டர் எனக் கொண்டால் 216 லிட்டர் வரும். இக்கால அறிஞரில் பலர் சொல்லும் கணக்கும் இதுவே. குல்லா என்பதே பெருஞ்சாடிக்குப் பெயர் என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். சட்டத்தின் அளவுகோலே ஒரு தண்ணீர்ப் பாத்திரம்தான்.

பள்ளிவாசல்களில் ஹவுள் கட்டப்பட்டதன் காரணம் இதனால் விளங்கும். பலர் கை நனைக்கும் நீர் அந்த அளவுக்கு மேல் இருக்க வேண்டும். வீட்டுக் குடம் அந்த அளவை எட்டாது. எனவே குடத்தில் கை விடாமல் மொண்டு ஊற்றுவது, உறங்கி எழுந்தவர் கையைக் கழுவாமல் பாத்திரத்தில் விடாதிருப்பது, உளூவில் பயன்பட்ட நீர் குடத்துக்குள் திரும்ப விழாமல் பார்ப்பது எனப் பல பேணுதல்கள். சிறுவயதில் நம் கையைத் தட்டிவிட்ட பெரியவர்கள் எல்லாம் இந்தச் சட்டத்தைத்தான் நடத்திக் காட்டினார்கள். இன்று வீடுதோறும் நிற்கும் நீல நிற டிரம் பெரும்பாலும் இருநூறு லிட்டர். நிரம்பியிருந்தாலும் அந்த 216ஐ எட்டுவதில்லை! மாடியில் ஏற்றிய ஐந்நூறு லிட்டர் சின்டெக்ஸ் தொட்டி எட்டும், அதுவும் பாதிக்கு மேல் நிரம்பி இருந்தால். இன்னொன்றையும் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். உளூவுக்குத் தூய்மையானது என்ற தீர்ப்பு, குடிக்கப் பாதுகாப்பானது என்ற சான்றாகாது. இரண்டும் வெவ்வேறு கேள்விகள்.

இரண்டாவது கேள்வியின் விடைக்கு நம் சமுதாயம் மிகப்பெரிய விலை கொடுத்திருக்கிறது. 1865 ஹஜ்ஜில் மக்காவில் காலரா பரவி ஆயிரக்கணக்கான ஹாஜிகள் இறந்தனர். அங்கிருந்து அது எகிப்து வழியாக ஐரோப்பாவை எட்டியது. நீராவிக் கப்பல்களில் நெருக்கியடித்து ஏற்றப்பட்ட இந்திய ஹாஜிகள் மீது உலகின் பார்வை சந்தேகமாக விழுந்தது. 1884இல் ராபர்ட் கோக் கல்கத்தாவின் ஒரு குளத்து நீரில் காலராக் கிருமியைக் கண்டார். தேங்கிய நீரும் அசுத்தமான கையும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பது அதன்பின் மறுக்க முடியாததாயிற்று. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துச் சர்வதேசச் சுகாதார உடன்படிக்கைகளில் ஹஜ் கப்பல்களுக்கு ஒரு விதி இடம்பெற்றது. வயது பாராமல் ஒவ்வொரு ஹாஜிக்கும் நாளொன்றுக்குக் குறைந்தது ஐந்து லிட்டர் குடிநீர் விலையின்றிக் கொடுக்கப்பட வேண்டும். விலையின்றி என்று எழுதிவைக்க வேண்டிய நிலை இருந்திருக்கிறது என்பதே எண்ணத்தக்கது. ஜித்தாவில் இறங்கியவர்களுக்கு அக்காலத்தில் உஸ்மானிய அரசு நிறுவிய கடல்நீர் வடிப்பாலையின் நீர் கிடைத்தது. ‘கண்டென்சர்’ என்ற அயற்சொல்லை ஜித்தா மக்கள் ‘கின்தாஸா’ ஆக்கிக்கொண்டார்கள்.

அந்தக் கின்தாஸாவின் பெரிய தம்பி இப்போது நம் ஊருக்குத் தெற்கே நிற்கிறது. மீஞ்சூர் நிலையம் என வழங்கும் காட்டுப்பள்ளிக் கடல்நீர் குடிநீராக்கும் நிலையம் 2010இல் திறக்கப்பட்டது. நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் அதன் திறன். அந்நீர் சென்னை மாநகருக்குச் செல்கிறது. அதற்கும் முன்பிருந்தே சென்னையின் தாகம் இப்பக்கத்து நிலத்தடியைத் தொட்டுவிட்டது. மாநகருக்கும் தொழிற்சாலைகளுக்கும் வேளாண்மைக்கும் எனப் பெருமளவில் இறைத்ததால், மீஞ்சூர்ப் பகுதியில் கடல்நீர் நிலத்தடியில் உட்புகுந்தது 1969இலேயே கண்டறியப்பட்டது. பின்னர் அது கிலோமீட்டர் கணக்கில் உள்ளே நகர்ந்தது. கெய்பனின் கணக்கு மனிதருக்காகத் தளர்ந்து கொடுக்கவில்லை.

மணல்மேட்டு ஊற்றுகளின் கதையும் அதுவே. கையால் மொண்ட இடத்தில் மோட்டார் வந்தது. ஆழ்துளை இறங்க இறங்க உப்பு மேலேறியது. இப்போது கடலோரக் குப்பங்களில் நல்ல தண்ணீர் என்பது குழாய் திறக்கும் நேரத்துக்கோ லாரி வரும் நேரத்துக்கோ குடங்களோடு நிற்பது. அல்லது இருபது லிட்டர் கேனை விலைக்கு வாங்குவது. ஆக, நம் வீடுகள் மறுபடியும் கலங்களைப்போல் ஆகிவிட்டன. கிடைத்தபோது நிரப்பிக்கொண்டு, அடுத்த முறை கிடைக்கும் வரை வைத்துக் காக்க வேண்டும்.

வைத்துக் காப்பதில் அறிய வேண்டியவை சில. பாத்திரங்களை மூடுமாறும், தோற்பைகளின் வாயைக் கட்டுமாறும், மூட எதுவும் இல்லையென்றால் ஒரு குச்சியையாவது குறுக்கே வைக்குமாறும் நபி (ஸல்) அவர்கள் கட்டளையிட்டதை ஜாபிர் (ரலி) அறிவிக்கிறார்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையை நாடுவதில்லை. நாம் சேர்த்துவைத்த தெளிந்த நீரையே தேடி வருகிறது. தொட்டியைக் காலி செய்துவிட்டால் போதும் என்று பலர் எண்ணுகிறார்கள். அதன் முட்டைகள் நீர்மட்டத்தை ஒட்டிய சுவரில் ஒட்டிக்கொண்டு, காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிர்ப்போடு இருக்கும். மறுபடி நீர் ஏறியவுடன் பொரிக்கும். ஆகவே உட்சுவரை நார் கொண்டு தேய்த்துக் கழுவினாலன்றிப் பயனில்லை. நீரில் கலந்து வரும் குளோரின் நாள்பட நாள்படக் குறைந்துவிடும். வெளிச்சம் ஊடுருவும் வெள்ளைக் கேனில் வெயில் பட்டால் பாசி பிடிக்கும். தொட்டிகளைக் கறுப்பாகச் செய்வதன் காரணம் இதுதான்.

படகுக் கேனுக்கும் இவை பொருந்தும். ஃபைபர் படகில் விடியுமுன் புறப்பட்டு அன்றே திரும்புவோர் ஒரு கேன் தண்ணீரோடு போகிறார்கள். காசிமேட்டு விசைப்படகுகளில் பல நாள் தங்கு கடலுக்குச் செல்வோர்க்குத் தொட்டியே உண்டு. போகும் நாளில் எல்லோரும் தண்ணீரைப் பற்றி நினைக்கிறார்கள். கெடுவது திரும்பிய பின் உள்ள நாட்களில்தான். தடைக்காலத்திலும் புயல் நாட்களிலும் அடியில் நாலு விரல் நீரோடு மூடிக் கிடந்த கேனில், அடுத்த பயணத்துக்கு அப்படியே மேலே நிரப்பிக்கொள்ளும் பழக்கம் பரவலாக இருக்கிறது. முந்நூறு ஆண்டுகளுக்கு முன் டச்சுப் பீப்பாயில் நடந்த அதே வேலை அந்த நாலு விரல் நீரில் நடந்துகொண்டிருக்கும். திரும்பியவுடன் கவிழ்த்து வடித்து, உலர்த்தி வைப்பதும், புறப்படுமுன் சிறிது பிளீச்சிங் கரைசலால் கழுவி நன்கு அலசிவிட்டு நிரப்புவதும் செலவில்லாத வேலைகள்.

இனி, நாம் எழுத வந்ததற்கான உண்மையான காரணத்துக்கு வருகிறோம். நம் கடலோரப் பள்ளிவாசல்கள் சிலவற்றில், விலைக்கு வாங்கிய லாரி நல்ல தண்ணீர் உளூக் குழாய்களில் ஓடுவதைப் பார்க்கிறோம். அதே வளாகத்தில் உப்புக் கிணறு மூடிக் கிடக்கிறது. தொழ வருவோர்க்கு முகம் பிசுபிசுக்கக் கூடாது என்ற நல்லெண்ணமே காரணம். வெளியே, வாசலுக்கு எதிரே, அத்தெருப் பெண்கள், முஸ்லிம்களும் அல்லாதவரும், குடங்களை வரிசையாக வைத்துவிட்டு வேறொரு லாரிக்காகக் காத்திருக்கிறார்கள். நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து நீரில் உளூச் செய்தார்கள் என்று அனஸ் (ரலி) அறிவிக்கிறார்கள். அது ஏறத்தாழ அரை முதல் முக்கால் லிட்டர். திறந்துவிட்ட குழாய் ஒரு நிமிடத்தில் ஐந்தாறு லிட்டரை எளிதாகக் கொட்டிவிடும்.

கடற்பயணியின் கேள்வி இங்கேதான் மறுபடி எழுகிறது. நல்ல தண்ணீரைக் கொண்டு உளூச் செய்தால் தாகத்தால் வாட நேரும் என்று அவர் சொன்னார். அப்படியானால் உப்புநீரில் செய்யலாம் என்று விடை வந்தது. கடல்நீருக்கே அந்த அனுமதி என்றால், அதைவிட உப்புக் குறைந்த கிணற்று நீரில் என்ன தடை? நிலத்திலிருந்து இயல்பாக ஏறிய உப்பு நீரின் தூய்மையாக்கும் தன்மையைக் கெடுப்பதில்லை என்பதில் மத்ஹபுகளிடையே கருத்து வேறுபாடு இல்லை. குடிப்பதற்குத் தேவைப்படும் நீரைக் காப்பதற்காகத் தயம்மும் செய்யவும் சட்டம் இடமளிக்கிறது. அத்தேவை ஒரு கால்நடையின் தாகமாக இருந்தாலும் சரியே. நம் வீட்டுப் பெண்கள் இரண்டு குடம் வைத்து நடத்திய ஒழுங்கை, பள்ளிவாசல் நிர்வாகம் இரண்டு குழாய் வைத்து நடத்த முடியாதா?

மதீனாவுக்கு முஹாஜிர்கள் வந்தபோது ரூமா கிணற்றைத் தவிர நல்ல தண்ணீர் இல்லாதிருந்தது என்றும், உஸ்மான் (ரலி) அவர்கள் அதை விலைக்கு வாங்கி மக்களுக்கு விட்டார்கள் என்றும் வரலாறு சொல்கிறது. மறைந்த தாயாருக்காக எந்த தர்மம் சிறந்தது எனக் கேட்ட ஸஅத் இப்னு உபாதா (ரலி) அவர்களுக்குத் தண்ணீர் என்றே விடை கிடைத்தது. அவர் கிணறு வெட்டினார். மய்யித்தின் பெயரால் பள்ளிக்கு ஏர்கூலரும் கம்பளமும் கொடுக்கும் நம் குடும்பங்கள் பல. அவற்றை நாம் குறைத்துச் சொல்லவில்லை. ஒரு மூடியுள்ள கறுப்புத் தொட்டியின் விலை அவற்றில் பலவற்றைவிடக் குறைவு.

செய்ய வேண்டியதும் பெரிதல்ல. உப்புக் கிணற்றைத் தூர்வாரி, ஆழப்படுத்தாமல், சிறு மோட்டாரால் ஹவுளுக்கும் உளூக் குழாய்களுக்கும் இணைக்கலாம். கூரை மழைநீரை அக்கிணற்றுக்கு அருகே மணலில் இறக்கினால், மேலே மிதக்கும் வில்லை கொஞ்சமேனும் தடிக்கும். லாரி நல்ல தண்ணீரை மூடிய தொட்டியில் ஏற்றி, அதன் குழாயைப் பள்ளிவாசல் சுவருக்கு வெளியே, தெருப் பக்கம், குடம் வைக்கும் உயரத்தில் பொருத்தலாம்.